முதுகில் பூசிய கரி

டால்பின் ஜூலியின் முதுகு வெயிலில் வெந்து உரிந்திருந்தது. அது இருந்த குளத்துக்கு நிழல் கிடையாது. டால்பின் காட்சி நடத்தும் அந்தப் பார்க்குக்குக் கூட்டம் குறைந்ததிலிருந்து தண்ணீரும் மாற்றுவதில்லை. குளோரினை மட்டும் வாளி வாளியாகக் கொட்டினார்கள். ஜூலி கண்ணைத் திறந்து பல நாளாயிற்று.

சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றதும், கரி கலந்த வாஸ்லினைப் புண்களின்மேல் பூசும்படி, ஜூலிக்கு மீன் போடும் எமல்டாவிடம் சொன்னார் மேனேஜர். "முடியாதுன்னா சொல்லு. நாளைலேருந்து இதுக்கு மீன் போட வேற ஆளு வரும்." எமல்டா பல்லைக் கடித்துக்கொண்டு பூசினாள்.

அதிகாரி குளத்தை எட்டிப் பார்த்தார். "தண்ணி நல்லாத்தானே இருக்கு? போராட்டம் பண்றவனுங்க சும்மா கத்துறானுங்க." மேனேஜர் சிரித்தார். அந்த உற்சாகத்தில் அதிகாரி குனிந்து ஜூலியைத் தட்டிக்கொடுத்தார். அது துடித்து விலகியது. அவர் உள்ளங்கை முழுக்கக் கரி. நடுவில் ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

அவர் கையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "கை கழுவக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா," என்றார்.

எமல்டா அசையவில்லை. "இதுவும் நல்ல தண்ணிதானே சார். இதுலயே கழுவுங்க."

அதிகாரியின் கை குளத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்றது.

"குனிங்க சார்," என்றாள் எமல்டா.