இது எனக்கு

எழுபத்தாறு வயதில் என் மாமியாருக்குக் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. ஆரோக்கியமானவர் குடலின் நல்ல நுண்ணுயிர்களை நோயாளிக்குக் கொடுக்கும் குடல் வங்கியில் சொந்தக்காரர்கள் எல்லோருடைய நுண்ணுயிர்களையும் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது என்னுடையது மட்டும்தான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு சாதிக்காரி என்று என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர்.

என் நுண்ணுயிர்கள் அடைத்த மாத்திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

இரண்டே வாரத்தில் எழுந்து நடந்தார். "அந்த நுண்ணுயிருங்க உங்க மருமகள் சாப்பாட்டுக்குப் பழகினதுங்கம்மா, அதையே சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் மதியம் முதல்முறையாக என் சமையலறைக்குள் வந்தார்.

"என்னைப் பொழைக்க வச்ச ஜீவனுங்களுக்குப் பசிக்குதாம், எழிலு. நீ திங்கிறதையே போடு."

தட்டை எடுத்தேன்.

"இரு. முதல்ல ஒரு செம்பு தண்ணி குடு" என்றார். "இது எனக்கு."