கழற்றக் கூடாத ஃபில்டர்

"இதுல மட்டும் கை வச்சீங்கன்னா மாப்ள, நம்ம உறவு அம்புட்டுத்தான்."

முகமது ரியாஸ் பிக்கப் வண்டிக்கு அடியில் குனிந்து, புகை ஃபில்டர் இருக்கும் உருளையைக் காட்டிச் சொன்னார். தங்கச்சி மாப்பிள்ளையான தன்னிடம் அவர் இத்தனை கறாராகப் பேசி ஹுமாயூன் கேட்டதில்லை.

வண்டி கொஞ்ச நாளாகவே மக்கர் பண்ணியது. செட்டியார்பட்டித் தறிகளிலிருந்து பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இராஜபாளையம் மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கும். பின்னால் பைக்கில் வருகிறவன் சட்டையில் கரும்புகையை அப்பிவிட்டு ஊர்ந்து போகும். பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் பாலகணேஷ் நேற்றே சொல்லிவிட்டார், "இனியும் லேட்டானா வேற வண்டிய வச்சுக்கிடுவோம் பாய். தப்பா நினைக்காதீங்க."

ஸ்டாண்டில் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். புது மாடல் டீசல் வண்டிகளில் புகையை வடிகட்ட ஒரு ஃபில்டர் வைக்கிறார்களே, அது அடைத்துக்கொண்டால் இழுவை போய்விடும். அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைப் போட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும். "பாதி வண்டியில அதெல்லாம் கிடையாதுண்ணே. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?" என்றான் டிரைவர் சோலைச்சாமி.

இது ரியாஸ் காதுக்கு எட்டியதிலிருந்து அவர் கொதித்துப் போயிருந்தார். வண்டியைக் கொடுத்தவரே அவர்தான். ஹார்டுவேர் கடை வைத்த பொறவு, தான் ஓட்டிய வண்டி வெளியாளுக்குப் போக வேண்டாமென்று தங்கச்சி வீட்டுக்கே விலைக்குக் கொடுத்திருந்தார். அந்த உரிமையில்தான் பேசினார்.

"ஊரான் புள்ளைக மூஞ்சியில புகைய ஊதித்தான் நாம சம்பாதிக்கணுமா? நம்ம சனாவுக்கே வீசிங். அவ படுக்குற ஜன்னலுக்கு நேராத்தான வண்டிய நிப்பாட்டுறீக?"

ஹுமாயூனின் மனைவி அல்ஃபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம புள்ளைக்காகத்தான அண்ணன் இம்புட்டுப் பேசுறாக. அதத் தொடாதீங்க," என்றாள்.

ஹுமாயூன் தலையை ஆட்டினான். ஆனால் மறுநாள் மேம்பாலத்தின் பாதியிலேயே வண்டி திணறி நின்றது. பின்னால் நின்ற டவுன் பஸ்காரன் ஹாரனில் கை வைத்து எடுக்கவேயில்லை. சரக்கை ஒருவழியாக இறக்கிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டியை நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டான். இராஜபாளையத்தில் எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் ரியாஸுக்குத் தெரிந்துவிடும்.

"வெட்டிருவோம் பாய். டீ குடிச்சிட்டு வாங்க, வண்டி ரெடியா இருக்கும்," என்றார் மெக்கானிக் ஞானதுரை.

பக்கத்து டீக்கடையில் டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றான். பட்டறை வாசலில் ஃபில்டர் வெட்டிய வேறொரு வண்டியை, வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தார்கள். சுந்தரபாண்டியம் போகிற வண்டி. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் கரும்புகை குபுகுபுவென்று ரோட்டைத் தாண்டி எதிர் பஸ் ஸ்டாப்பில் போய் இறங்கியது. அங்கே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தி, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து இருமினாள். நிறுத்த முடியாமல் இருமினாள்.

சனா உயரம்தான் இருப்பாள்.

ஹுமாயூன் டம்ளரை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போனான். "அண்ணே, வெட்ட வேண்டாம். கழத்திச் சுத்தம் மட்டும் பண்ணி மறுபடி மாட்டிருங்க."

"சுத்தம் பண்ணுனா கொஞ்ச நாள்ல மறுபடி அடைக்கும் பாய். பொறவு எங்கிட்டதான் வந்து நிப்பீங்க."

"அடைச்சா அடைக்கட்டும். கம்பெனிக்காரவுக வேற வண்டி வச்சா வச்சுக்கிடட்டும்."

சொல்லி முடித்ததும் செல்லை எடுத்தான். அங்கேயே நின்று ரியாஸுக்குப் போன் போட்டான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதீக. ஃபில்டர வெட்டத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். மனசு கேக்கல. தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னதுதான் சரி."

ரியாஸ் கேட்டார், "அப்ப... அதக் கழத்தலதான?"

"கழத்திச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன் மச்சான். இப்பதான் போல்ட்ட லூஸ் பண்ணுறாரு."

லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டான், எடுக்கவில்லை. கடையில் ஆள் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். எப்பேர்ப்பட்ட மனுசன். அவர் மட்டும் அன்றைக்குத் தடுக்காமல் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் மூஞ்சியில் புகையை ஊதியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தான்.

ஞானதுரை வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். கனமாக இருக்க வேண்டிய உருளை அவருடைய ஒரு கையில் காலி டப்பா மாதிரி ஆடியது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எதிரே நின்ற ஹுமாயூனுக்கு, உருளைக்குள் தேனடை மாதிரி ஃபில்டர் தெரிய வேண்டிய இடத்தில் ஞானதுரையின் கண் தெரிந்தது.

"இழுவை போனது டர்போ ஹோஸ், அதான் இஞ்சினுக்குக் காத்துப் போற குழாய், கிழிஞ்சதுனால பாய். வேற ஹோஸ் மாட்டுனா சரியாயிரும். இதுல சுத்தம் பண்ணுறதுக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவோ உள்ள இருந்ததப் பூராம் சுரண்டி எடுத்துட்டு அழகா வெல்டிங் வச்சிருக்கான்."

ஹுமாயூன் உருளையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தான்.

ஞானதுரை கையைத் துடைத்தபடி, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்:

"ஏன் பாய், வண்டிய உங்களுக்கு வித்ததும் அந்த மச்சான்தானா?"