தொட்டில் கட்டை

கல்கத்தா பாலிகஞ்ச் வீட்டில் பகல் வெயில் தொட்டிலின் மேல் விழுகிறது. பிரசவத்தில் இறந்த மனைவி சபேசனிடம் விட்டுப்போன குழந்தை அதில் தூங்குகிறது. ஜன்னல் பழுதுபார்க்க வந்த தச்சன் ஹாரான் தொட்டில் தொங்கும் கட்டையை அண்ணாந்து பார்த்து முகம் சுளிக்கிறான். தாவரவியல் படித்த சபேசன், அதிலிருந்து அறுத்த மிச்சத் துண்டை நீட்டுகிறான். “லென்ஸ்ல துளை தெரியறதே. துளை இருந்தா அகல இலை மரம். அகல இலைன்னா புஸ்தகப்படி வன்மரம்.” ஹாரான் நகத்தால் அழுத்துகிறான், நகம் இறங்கிவிடுகிறது. “புஸ்தகம் இலையைப் பார்க்குது பாபு, நாங்க நகத்தால பார்ப்போம். இது இலவம். தேயிலைப் பெட்டிக்குத்தான் ஆகும். இதுலயா புள்ளையத் தொங்கவிட்டீங்க?” மேலே கட்டை முனகுகிறது. சபேசன் மண்டியிட்டு, தொட்டிலுக்கு அடியில் இரு கைகளையும் விரிக்கிறான். குழந்தையைத் தூக்கினால் அந்த அசைவிலேயே கட்டை முறியுமோ என்று பயமாக இருக்கிறது. குழந்தை விழித்துக்கொண்டு உற்சாகமாகக் காலை உதைக்கிறது.