எஞ்சினைத் திறங்க!

“வயித்தைக் கிழிச்சுப் பாருங்க சார். உள்ள என்ன வச்சிருக்கான்னு எல்லாருக்கும் தெரியட்டும்!”

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. நடுவரின் மேஜையில் கிடந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஞ்சின். பிளம்பரின் குட்டி விமானத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது. சூடு இன்னும் ஆறவில்லை.

ரிமோட்டில் பறக்கும் பழங்காலக் குட்டி விமானங்களுக்கான சாகசப் போட்டி அது. எஞ்சினுக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும், உள்ளே ஒரு பாகம்கூடப் புதிதாக இருக்கக் கூடாது. யாராவது புகார் கொடுத்தால் திறந்து பார்க்கலாம் என்ற விதி இந்த வருடம்தான் வந்திருந்தது.

தொடர்ந்து ஐந்து வருடம் கோப்பையைத் தூக்கிப்போன டாக்டருக்கு இந்த முறை இரண்டாம் இடம். தலைகீழ் வட்டத்தின் உச்சியிலேயே அவருடைய விமானத்துக்கு மூச்சு வாங்கிவிட்டது. பிளம்பருடையதோ அதே வட்டத்தை மூன்று தடவை அலட்சியமாகச் சுற்றிவிட்டு இறங்கியது.

“கக்கூஸ் அடைப்பு எடுக்கறவனுக்கு இது எப்படி சார் வரும்? மூளை இருக்கறவன் விளையாட்டு இது.” பிளம்பரின் காதில் விழட்டும் என்றே சொன்னார் டாக்டர்.

பிளம்பர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

நடுவர் திருகுகளைக் கழற்றத் தொடங்கினார். டாக்டர் கிட்டே வரவில்லை. “அவன் தொட்ட கருமத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது” என்று பத்தடி தள்ளியே நின்றார்.

பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த நடுவரின் முகம் மாறியது.

“இது புதுசு. செஞ்சு பத்து வருஷம்கூட ஆயிருக்காது.”

“நான் சொல்லல? திருட்டுப் பய! ஆயுசுக்கும் உள்ள விடக் கூடாதுன்னு எழுதுங்க சார், கையெழுத்து நான் போடறேன்.”

நடுவர் எழுதினார். டாக்டர் வந்து, பேனா பிடித்த கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, தாளின் அகலத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

“சத்தியமா உள்ள இருக்கறது எனக்குத் தெரியாது சார்.” பிளம்பர் மேஜையருகே ஓடி வந்தார். “என் எஞ்சின் காலைல ஜாம் ஆயிடுச்சு. மூட்டையைக் கட்டிட்டு கிளம்பினேன். அந்தம்மாதான் கூப்பிட்டு, ‘இதைப் போட்டு ஓட்டுங்க’ன்னு குடுத்தாங்க.”

அவர் காட்டிய பக்கம், காரிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்துகொண்டிருந்தார். டாக்டரின் மனைவி.

“உனக்கு இங்க என்ன வேலை? ஒரு மண்ணும் தெரியாது, வாயை மூடிட்டு வண்டில போய் உக்காரு!”

அவர் நிற்கவில்லை. கணவரை ஏறிட்டும் பாராமல் தாண்டி வந்து, நடுவரிடம் சொன்னார்:

“அஞ்சு வருஷமா இவரு ஜெயிச்சது இந்த எஞ்சின்லதான் சார்.”