விழாத மிளா

மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் மேய வந்த பெரிய மிளா மானைத் தாசையன் இறைச்சிக்காகச் சுட்டான். அவனிடம் இருந்தது முயலும் காட்டுக்கோழியும் சுடுகிற சின்னத் துப்பாக்கி. அதனாலேயே தலைக்குக் குறிவைத்தான். குண்டு தாடையில் பட்டது. மிளா காட்டுக்குள் ஓடியது. ரத்தத்தைப் பார்த்துப் பின்னாலேயே போனவன், மழை பெய்து தடம் கரைந்ததும் திரும்பிவிட்டான்.

சில நாட்களில் அது தானாகவே இறங்கி வந்து அவன் வீட்டு முற்றத்தில் நின்றது. கீழ்த்தாடை தொங்கியது. காயத்தில் புழு நெளிந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அவன் மனைவி ஸ்டெல்லாபாய் வாளியில் கஞ்சித்தண்ணீர் வைத்தாள். அது முகத்தை உள்ளே விட்டது, குடிக்க முடியவில்லை. முகத்தை எடுக்காமல் அப்படியே நின்றது.

“இத இப்பிடி விடப்பிடாது. சுட்டிருங்க,” என்றாள்.

“இந்தத் துப்பாக்கியில மிளா சாவாது பிள்ள. இது சின்னதாக்கும்.”

“சின்னதுன்னு தெரிஞ்சுதானே அண்ணைக்குக் கொண்டு போனிய?”

தாசையன் துப்பாக்கியோடு முற்றத்தில் இறங்கினான். மிளா ஓடவில்லை. குழலைக் காதுக்குப் பின்னால் வைத்தபோது, தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்ததுபோல் அவன் பக்கம் தலையைச் சாய்த்தது.

ஸ்டெல்லாபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெடிச் சத்தம் கேட்டதும் “ஏசுவே” என்று மூச்சை விட்டாள். உடனே இன்னொரு சத்தம் கேட்டது. அவள் காதுகளைப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் கைகளை எடுத்தபோது, வெளியே தாசையன் அழுகிற குரலில் மிளாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்:

“விழுந்திரு மக்கா... விழுந்திரு.”