ஓடாத மிஷின்

"உன் மிஷின் ஓடுற சத்தமே கேக்குறதில்லை. ஆனா சாயங்காலமானா உன் காலர் கட்டு மட்டும் நிறைஞ்சிருக்கு. எப்படிம்மா?"

சட்டைக் கம்பெனி சூப்பர்வைசர் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். காலர் தைப்பவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டன்காரிதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். வேறு யார்? நேற்றுக்கூட இந்த மனுஷன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் குசுகுசுத்தாரே! பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு குழி பறித்திருக்கிறாள் பாவி.

இவர் மட்டும் லேசுப்பட்டவரா? கொஞ்ச நாளாகத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் பூனை மாதிரி நின்று ஒட்டுக்கேட்கிறார். கண்ணில் பட்டுவிட்டால், 'ஸ்டாக் பார்க்கிறேன்' என்று ஒரு சமாளிப்பு வேறு.

"மறைக்கலை சார். என் பங்கை மத்தவங்கதான் ஆளுக்குக் கொஞ்சமாத் தைக்கிறாங்க."

"சும்மாவா தைச்சுக் கொடுப்பாங்க?"

"நான் வீட்டுல நாவல் படிச்சுட்டு வந்து அவங்களுக்குக் கதை சொல்றேன். மத்தியானத்துக்கு மேல எல்லாருக்கும் கண்ணு சொக்குது. ஊசி விரல்ல ஏறுது. கதை கேட்டா தூக்கம் ஓடிப்போகுதுன்னு அவங்களே செஞ்ச ஏற்பாடு சார்."

"கதை சோறு போடுமா?"

"நேத்து வரைக்கும் போட்டுச்சு சார்."

வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் இல்லாத வீடு. இந்த வேலையும் போனால் இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருதான். நினைத்ததும் அழுகை முட்டியது.

"என்னை நிறுத்திடாதீங்க சார். இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"திறக்கலைன்னாத்தான் நிறுத்துவேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தக் கல்யாணப் பொண்ணு கடைசியில கதவைத் திறந்தாளா இல்லையா? நேத்து முதலாளி கூப்பிட்டுட்டார், பாதியில போக வேண்டியதாப் போச்சு. பட்டன்காரியைக் கேட்டா, அழுறாளே தவிர சொல்ல மாட்டேங்குறா."

"சார்... நீங்க ஒளிஞ்சு நின்னு கதையா கேட்டுட்டிருந்தீங்க?"

"எனக்காக இல்லைம்மா." அவர் குரல் இறங்கியது. "எங்க புள்ளையைப் பறிகொடுத்ததுலேருந்து என் வீட்டுக்காரி சுவத்தைப் பார்த்தே படுத்துக் கிடந்தா. ஒரு வார்த்தை பேசினதில்லை. உன் கதையைத்தான் தினம் போய்ச் சொல்லிட்டிருக்கேன். நேத்து என் பக்கம் திரும்பி, 'அப்புறம்?'னு கேட்டா."