பெருமூச்சு

காய்ச்சல் தணிந்ததும் அம்மாவின் மார்பில் ஒரு பட்டையைக் கட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். ஆழமாக இழுத்து, உதட்டைக் குவித்து, மெதுவாக மூச்சை விட்டால் அது பச்சையாகும். பச்சையே காட்டாத நாளில் ஆம்புலன்ஸ் தானாக வந்து அம்மாவை மறுபடி வார்டில் சேர்த்துவிடும்.

“மூச்சு விடறதுக்குமா எனக்குப் பாடம்?” என்று அம்மா பயிற்சியைத் தொடவே இல்லை.

அண்ணன் பரீட்சையில் தோற்றதைக் கேட்டு ஒருநாள் பெருமூச்சு விட்டாள். பட்டை பளிச்சென்று பச்சையானது. அதிலிருந்து தினமும் அவளுக்கு ஒரு கவலையைக் கொடுத்துவருகிறோம். அப்பா பெரியப்பா வீட்டுச் சண்டையைச் சொல்வார். நான் வருகிற வரனையெல்லாம் வேண்டாம் என்பேன்.

இன்று எதுவும் பலிக்கவில்லை. ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எனக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது.

“இப்போ வாயத் திறக்காத,” என்று அப்பா கிசுகிசுத்தார்.

அதற்குள் அண்ணன், “அம்மா, நிரஞ்சனாவுக்கு வேலை கெடச்சிருச்சு. பெங்களூர்ல,” என்றான்.

அம்மா முகமெல்லாம் சிரித்தாள். பட்டை சிவந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது.

“பெங்களூரா?” என்று மூச்சை ஆழமாக இழுத்தாள். “அங்க குளிருமே. இவளுக்குத் தலையக்கூட ஒழுங்காத் துவட்டத் தெரியாது.”

ஆம்புலன்ஸ் பின்னால் எடுத்துத் திரும்பிப் போனது.